முப்பத்து மூன்றுக்குப் பிறகு

ஆண்டுத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் தலைமை ஆசிரியர் அறை வாசலில் சில பெற்றோர் நிற்பார்கள். கையில் ரேங்க் கார்டு, பக்கத்தில் தரையைப் பார்த்தபடி பிள்ளை. உள்ளே போனால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும்: “ரெண்டே மார்க்குதான் சார். வருஷக் கடைசியில பையனுக்கு உடம்பு முடியாமப் போச்சு. நீங்க மனசு வச்சீங்கன்னா பிளஸ் டூ போயிடுவான்.”

இந்த வரிசை இனி நீளப்போகிறது. 2017-18 கல்வியாண்டில் தமிழகத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்தத் தேர்வில் ஒரு பாடம் போனாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம், போன பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு நீங்கியது. அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு என்ற சுமை பிள்ளைகளின் தலையிலிருந்து இறங்கியது நல்லதுதான். ஆனால் எங்கோ ஒரு முகாமில் முகம் தெரியாத ஆசிரியர் திருத்திய தாள் இப்போது பள்ளிக்குள்ளேயே திருத்தப்படுகிறது. திருத்துபவர் நமக்குத் தெரிந்தவர். அவர் உட்காரும் அறையும் தெரியும். கேட்டுத்தான் பார்ப்போமே என்று எந்தத் தாய் தகப்பனுக்கும் தோன்றும்.

கேட்கப் போகலாமா? போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. போகிறவர்கள் மார்க்கைக் கேட்டுப் போகக்கூடாது. விடைத்தாளைக் கேட்டுப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அந்தப் பிள்ளையின் அடுத்த வருடம் இருக்கிறது.

யாருக்குத் தொலைபேசி எண் தெரியும்?

33ஐ 35 ஆக்கித் தரும் வழக்கம் பள்ளிகளுக்குப் புதிதில்லை. வருடம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர், இவன் படிக்கிறவன்தான், அன்றைக்குச் சறுக்கிவிட்டான் என்று தெரிந்து தூக்கிவிடுவார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை அறிந்தவர், தன் பொறுப்பில், யாரும் சொல்லாமல் எடுக்கும் முடிவு அது.

வெளியிலிருந்து போன் வரும்போதுதான் அது வேறு விஷயமாகிறது. வார்டு கவுன்சிலர் பேசுவார், பள்ளி நிர்வாகத்துக்கு வேண்டியவர் பேசுவார், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா பேசுவார். 33 எடுத்த பையன் தேறிவிடுவான். அதே வகுப்பில் 34 எடுத்துவிட்டு, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவை ‘ஒரு நாள் கூலி போய்விடுமே’ என்று பள்ளிக்கே கூப்பிடாத பெண் அப்படியே நிற்பாள். இது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரியவர்கள் நினைப்பதைவிட வேகமாகத் தெரியும். தேறிய பையனுக்கும் தெரியும். தன் கணக்கு சரியானதால் தேறவில்லை, அப்பா பேசியதால் தேறினோம் என்ற நினைப்போடு அவன் பிளஸ் டூ வகுப்பில் போய் உட்காருவான். அங்கே தொகைநுண்கணிதம் காத்திருக்கும். அதற்கு அடிப்படையான பிளஸ் ஒன் பாடம்தான் அவனுக்கு வராத பாடம். இந்த வருடம் இரண்டு மார்க்கில் தப்பித்தவன் அடுத்த வருடம் இருபது மார்க்கில் மாட்டுவான்; அப்போது தாள் முகாமுக்குப் போயிருக்கும், அங்கே எந்தச் சித்தப்பாவாலும் பேச முடியாது.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் முன்னால், மாணவன் முன்னால், தான் போட்ட மார்க்கைத் தானே அடித்து மாற்றிய ஆசிரியரால் அந்த மாணவனிடம் மறுநாள் ‘இதைப் படித்துவிட்டு வா’ என்று அழுத்திச் சொல்ல முடிவதில்லை. பிள்ளைக்கு உதவக்கூடிய மனிதரைப் பெற்றோரே பலவீனப்படுத்திவிடுகிறார்கள்.

44 எடுத்தும் ஃபெயில்

பல வீடுகளில் பிள்ளை எதில் தவறியது என்பதே யாருக்கும் தெரிவதில்லை. நம் மேல்நிலைத் தேர்வின் கணக்கு அப்படி. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மொத்தம் 35 வந்தால் போதாது, எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 15 எடுத்தாக வேண்டும். இயற்பியலில் செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாக 30 வாங்கிய பிள்ளை எழுத்தில் 14 எடுத்தால் மொத்தம் 44 வரும். 44 வாங்கியும் தேர்ச்சி இல்லை. செய்முறை இல்லாத பாடத்தில் 90க்கு 25 வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலிலும் இதே ஏற்பாடுதான்: 75க்கு 20, செய்முறை 25க்கு 15.

44ஐப் பார்த்த அப்பா, ‘35க்கு மேலதானே இருக்கு, ஏன் ஃபெயில்னு போட்டிருக்கான்?’ என்று பள்ளி மீது கோபப்படுவார். பிள்ளைக்கும் விளக்கத் தெரியாது. உண்மையில் அந்த 44 ஒரு தெளிவான சேதியைச் சொல்கிறது. ஆய்வகத்தில் கொடுக்கப்பட்ட முழு மதிப்பெண் பிள்ளையின் நிலைமையை மறைத்துவிட்டது. எழுதச் சொன்னால் எழுபதில் பதினைந்துகூட வரவில்லை. அது இரண்டு மார்க், ஒரு மார்க் பிரச்சினையே இல்லை. நூலிழையில் தவறியதாகத் தெரியும் பல தோல்விகள் இப்படி ஆழமானவை. இதற்கு நேர்மாறாக, 90க்கு 24 எடுத்த வணிகவியல் மாணவி ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியை நேரம் போதாமல் விட்டிருக்கலாம். அவள் தோல்வி மெய்யாகவே நூலிழைதான். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விடைத்தாளைப் பார்த்தால்தான் எது எது என்று பிரியும்.

அதனால்தான் தாளைக் கேளுங்கள் என்கிறேன். பிளஸ் ஒன் என்றால் பாட ஆசிரியரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். பேச வேண்டியது பிள்ளை. ‘இந்தக் கேள்விக்கு ஏன் மார்க் இல்லை சார்?’ என்று அவன் வாயால் கேட்கட்டும். முதல் கேள்வியைக் கேட்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். பரவாயில்லை. நீங்கள் பக்கத்தில் இருப்பதே அவனுக்குப் பலம். கூட்டலில் பிழை இருந்தால் கூச்சமில்லாமல் சுட்டிக்காட்டலாம். அது உரிமை, சலுகை இல்லை. பிழை இல்லையென்றால், எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் கை நின்றுபோனது என்பது தெரியும். பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் தவறிய பிள்ளையின் தாளைப் புரட்டினால், எட்டாம் வகுப்புப் பின்னத்திலோ குறியீட்டிலோ முதல் ஓட்டை இருப்பதை ஆசிரியர்கள் அடிக்கடி காட்டுவார்கள். அதை ஒரு கோடை விடுமுறையில் அடைத்துவிட முடியும்.

பிளஸ் டூ என்றால் வழி வேறு. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகலைப் பார்த்த பிறகே மறுமதிப்பீடு கேட்க முடியும். அதற்கான நாட்கள் மிகக் குறைவு, முடிவு வந்த சூட்டோடு தொடங்கி முடிந்தும் விடும். பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. நகல் வாங்காமல் ஆத்திரத்தில் மறுகூட்டல் மட்டும் கேட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு. மறுகூட்டலில் கூட்டல்தான் சரிபார்க்கப்படும், விடையை யாரும் மறுபடி வாசிக்க மாட்டார்கள். நகல் கைக்கு வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, மறுமதிப்பீடு கேட்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதுதான் முறை.

ஏழு வாரம்

எங்கள் தலைமுறையில் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கல்லூரியில் முதல் பருவத்தில் இருப்பார்கள். போனவன் டுடோரியலுக்கு சைக்கிள் மிதிப்பான். பலர் அந்த ஆறு மாதத்தில் பட்டறைக்கோ மளிகைக் கடைக்கோ போய் அப்படியே நின்றுவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. 2025இல் பிளஸ் டூ முடிவு மே 8இல் வந்தது, துணைத் தேர்வு ஜூன் 25இல் தொடங்கியது. நடுவில் ஏழு வாரம். தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு.

ஏழு வாரம் ஒரு பாடத்துக்குத் தாராளம். ஆனால் வீடுகளில் அந்த ஏழு வாரம் எப்படிப் போகிறது? முதல் வாரம் அழுகையில் போகும். இரண்டாவது வாரம் யாரும் யாரோடும் பேசாத வாரம். ‘அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம், எல்லாரும் மார்க்கைக் கேப்பாங்க’ என்று பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது மூன்றாவது வாரம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் இதற்குள் எங்கேயோ வந்து போய்விடும். அபராதத்தோடு ஓடுவார்கள், அல்லது தவறவிடுவார்கள். பெற்றோர் குறுக்கிட வேண்டிய இடம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். விண்ணப்ப நாள் எது, எந்தப் பள்ளி வழியாக விண்ணப்பிப்பது, யார் சொல்லித் தருவார்கள், காலையில் எத்தனை மணிக்கு உட்காருவது. உருக்குலைந்து கிடக்கும் பதினேழு வயதுப் பிள்ளையால் இவற்றைத் தனியாக யோசிக்க முடியாது. படிப்பைப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டை நாம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கீத் ராபின்சன், ஏஞ்சல் ஹாரிஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் பெற்றோரின் ஈடுபாடு பிள்ளைகளின் படிப்புக்கு எந்த அளவு உதவுகிறது என்று பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்து 2014இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்கு உதவுவது மதிப்பெண்ணை உயர்த்தும் என்ற பரவலான நம்பிக்கைக்கு அந்தத் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை. படிப்பு முக்கியம், நீ மேலே படிப்பாய் என்ற எதிர்பார்ப்பு பிள்ளையின் மனதில் பதிவதுதான் அதைவிட வலுவாக வேலை செய்திருக்கிறது. அவர்கள் பார்த்தது வேறு நாட்டுக் குடும்பங்களை. ஆனாலும் நம் ஊரில் படிப்பறிவில்லாத அம்மாக்கள் பட்டதாரிகளை உருவாக்கிய வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சேதி நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

தோல்விக்கு முன்னால் நடந்த குறுக்கீடு

தேர்ச்சி பெறாத பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, ஒரு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தையும் பேச வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் 48 எடுத்த பெண், ‘எனக்கு காமர்ஸ் குரூப் போதும்’ என்று சொல்லியிருப்பாள். ‘ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தா எல்லா வழியும் திறந்திருக்கும்’ என்று சொல்லி, நன்கொடை கொடுத்து, அவளைக் கணக்கு, உயிரியல், இயற்பியல், வேதியியல் என நான்கு பாடங்களுக்குள் தள்ளியிருப்பார்கள். அந்தப் பெண் இயற்பியலில் இரண்டு மார்க்கில் தவறினால் அது அவளுடைய தோல்வி மட்டுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த குரூப்பை நம் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு இல்லையா? இப்படித் தவறியவளுக்கு மறுபடி அதே குரூப்பில் டியூஷன் வைப்பது இரண்டாவது குறுக்கீடு. குரூப்பை மாற்றிக்கொண்டு பிளஸ் ஒன்னை மறுபடி படிப்பது ஒரு வருட இழப்பு என்று எல்லோரும் பதறுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிக்காத படிப்பில் இன்னும் நான்கைந்து வருடம் போவதைவிட அது குறைந்த விலை.

குரல் உயர்த்த வேண்டிய இடம்

மார்க்குக்காகக் கெஞ்சக்கூடாது என்று சொல்லும்போது, பள்ளி என்ன செய்தாலும் வாய்மூடி இருக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் செய்யும் வடிகட்டல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட வேண்டும். அதற்கு இடைஞ்சலாகத் தெரியும் பிள்ளையை முன் வருடமே இரண்டு மூன்று மார்க்கில் நிறுத்திவிட்டு, ‘டி.சி. வாங்கிட்டுப் போனா பாஸ்னு போட்டுத் தர்றோம்’ என்பார்கள். இந்த வாக்கியம் எதைக் காட்டுகிறது? வேறு பள்ளிக்குப் போனால் பாஸ், இங்கேயே இருந்தால் ஃபெயில் என்றால், அந்த மார்க் பிள்ளையின் அறிவை அளக்கவில்லை.

எட்டாம் வகுப்பு வரை சட்டம் பிள்ளைக்குக் காவலாக நிற்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்றது. 2019இல் மத்திய அரசு அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு வழி விட்டபோதும், தமிழகம் எட்டு வரை தேர்ச்சி என்பதிலேயே நிற்கிறது. ஒன்பதில் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. பதினான்கு, பதினைந்து வயதில், குரல் உடையும் பருவத்தில், பிள்ளை தனியாக நிற்கும் இடம் அது. அங்கே பெற்றோர் கட்டாயம் உள்ளே போக வேண்டும். விடைத்தாளைக் காட்டச் சொல்ல வேண்டும், டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டும், தேவைப்பட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுக் கூட்டத்தில் பெயிண்ட், கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசப்படுகின்றன, எல்லாம் வேண்டியவைதான். நம் பள்ளியில் யார் யார் நூலிழையில் தவறினார்கள், அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் பேசலாமே!

வர முடியாத பெற்றோர்

‘பெற்றோர் தலையிடலாமா’ என்ற கேள்வியே தலையிட முடிந்தவர்களின் கேள்வி. செங்கல் சூளையில் இருப்பவருக்கு, திருப்பூரில் இரண்டு ஷிப்ட் பார்ப்பவருக்கு, கேரளாவில் கட்டட வேலையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. ரேங்க் கார்டில் அக்கா கையெழுத்துப் போட்டிருப்பாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டால் அம்மா வருவார், நாற்காலியில் உட்காரத் தயங்குவார், ‘நீங்களே பாத்துக்கோங்க டீச்சர்’ என்பார். அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடுவது கொடுமை. அவர் தன்னால் முடிந்த ஒரே வழியில் தலையிடுகிறார்: பிள்ளையை நம்பகமான ஒருவர் கையில் ஒப்படைக்கிறார்.

அந்த ஒப்படைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியது பள்ளி. தோல்வியடைந்த பிள்ளைகளைத் துணைத் தேர்வுக்குத் தயார்படுத்த அரசுப் பள்ளிகளில் சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் மே மாத வெயிலில், ஃபெயிலான பிறகு, அதே பள்ளிக்குள் மறுபடி கால் வைக்கப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். பட்டியலைப் பார்த்துவிட்டு வீடு தேடிப் போய்க் கூட்டி வரும் ஆசிரியர்கள் இருக்கும் ஊர்களில்தான் அந்த வகுப்புகள் நிரம்புகின்றன. அப்படி அலைகிறவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. 2017இல் மாநில அளவிலான ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது மிகச் சரியான செயல்; முதலிடம் பிடித்தவருக்கு லட்டு ஊட்டும் படங்கள் குறைந்தன. கடைசி இடத்திலிருந்து ஒரு பிள்ளையை மீட்டவரைக் கொண்டாடும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

முடிவு வரும் நாள்

இதில் யோசிக்கவோ விவாதிக்கவோ எதுவும் இல்லாத ஒரு நாள் உண்டு. அது முடிவு வரும் நாள். அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலைக்கான காரணங்களைப் பட்டியலிடும்போது தேர்வுத் தோல்விக்குத் தனித் தலைப்பு வைத்திருக்கிறது. வருடம் தவறாமல் அதன் கீழ் எண்கள் நிரம்புகின்றன. அன்று கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம், ஒப்பிட வேண்டாம், பெருமூச்சுகூட வேண்டாம். சாப்பாடு போடுங்கள், பக்கத்தில் இருங்கள். உறவினர் போன் வந்தால் நீங்களே எடுத்து, ‘ஒரு பாடம் இருக்கு, ஜூன்ல எழுதிடுவான்’ என்று பிள்ளையின் காதுபடச் சாதாரணமாகச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து கேட்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! பேச்சு உங்கள் கையை மீறிப் போவதாகத் தோன்றினால் உதவி எண்களான 104க்கோ 14416க்கோ பேசலாம். எந்த நேரத்திலும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பெண் பிள்ளைக்கு நேரும் அவசரம்

பையன் தவறினால் டியூஷன் வைப்பவர்கள், பெண் தவறினால் ஜாதகம் எடுக்கிறார்கள். அல்லது, ‘வீட்டுல சும்மா இருக்கறதுக்கு மில்லுக்குப் போகட்டும்’ என்று நூற்பாலை வேன் வரும் நேரத்தை விசாரிக்கிறார்கள். பிளஸ் ஒன்னிலோ பிளஸ் டூவிலோ இரண்டு மார்க் குறைந்த பெண்ணின் வயது பதினாறு, பதினேழு. பதினெட்டுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பது தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடம் இருந்தவரை அது ஒரு தடுப்பாக இருந்தது, ‘படிக்கிறாளே’ என்று உறவினரிடம் சொல்ல முடிந்தது. ஃபெயில் என்ற சொல் வந்ததும் அந்தத் தடுப்பு விழுகிறது. மாமா வருகிறார், தரகர் வருகிறார், எல்லாம் பத்து நாளில் முடிவாகிவிடுகிறது. இதுவும் பெற்றோரின் தலையீடுதான். இருப்பதிலேயே மோசமான தலையீடு. பக்கத்தில் யாருக்காவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்வது கடமை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. பிளஸ் டூவில் ஒரு பாடம் போனவள் ஜூன் கடைசியில் அதை எழுதித் தேறினால் அந்த வருடமே அந்தப் பணம் அவளுக்கும் வரும். அதற்கு அவள் பெற்றோர் செய்ய வேண்டியது ஏழு வாரம் மற்ற பேச்சுகளைத் தள்ளிவைப்பது, விண்ணப்பத்தை நேரத்துக்குள் போடுவது, துணைத் தேர்வு மையம் வேறு ஊரில் விழுந்தால் அன்று காலை அவளோடு ஒருவர் பேருந்தேறிப் போவது. வீட்டில் யாருக்கும் கூலியை விட்டு வர முடியாதென்றால் அவளுடைய வகுப்பாசிரியை போகட்டும். அவராலும் முடியாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் இன்னொரு அம்மா போகட்டும்.